அத்திப்பள்ளியில் வீடா, ஓசூரில் வீடா? எல்லைக்கோடு கூட்டும் விலை

பெங்களூரில் இருந்து ஓசூர் ரோட்டில் போகிறவர்களுக்கு அத்திப்பள்ளிதான் கர்நாடகத்தின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லையான ஜுஜுவாடி, பிறகு சிப்காட் தொழிற்பேட்டை, பிறகு ஓசூர் பஸ் நிலையம். அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே பத்து கிலோமீட்டர் கூடக் கிடையாது. இரண்டு ஊரிலும் அதே செம்மண், அதே குளிர்காற்று. கடைத்தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து ஒலிப்பதும் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் வீடு வாங்கப் போகிறவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

பெங்களூரில் வாடகை வீட்டில் காலம் தள்ளும் தமிழ்த் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ஓய்வு பெறும் வயது நெருங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பி.எப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் கொண்டு எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு வாங்குவதா, அந்தப் பக்கம் வாங்குவதா? நகரத்துக்குள் வாங்கும் எண்ணத்தைப் பலர் எப்போதோ கைவிட்டு விட்டார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகள்கூட இன்று சந்தாபுரத்தையும் அத்திப்பள்ளியையும்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்கப் போன இடத்தில், "இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஓசூர், நம்ம ஊர்" என்று புரோக்கர் சொல்கிறார். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

ஓசூர் இப்படி வளர்ந்ததற்குக் காரணமே பெங்களூர்தான். 1970-களில் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தபோது, பெங்களூரின் பக்கத்தில் இருந்துகொண்டே தமிழ்நாட்டு அரசின் சலுகைகளைப் பெறலாம் என்பதே தொழிலதிபர்களுக்குக் காட்டப்பட்ட கவர்ச்சி. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் அப்படி வந்தவை. சேலம் மாவட்டத்திலும் பிறகு தருமபுரி மாவட்டத்திலும் ஒரு மூலையாகக் கிடந்த ஊர், 2004-ல் பிறந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெரிய நகரமாகி, 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அத்திப்பள்ளியோ ஆனேக்கல் தாலுகாவில், பெங்களூர் நகர மாவட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. அதன் மதிப்பும் பெங்களூரின் நிழலில் இருந்து வந்ததுதான்.

பத்திர ஆபீசில் மாறும் கணக்கு

பலகையில் எழுதும் சதுர அடி விலை தெருவுக்குத் தெரு மாறும். புரோக்கருக்குப் புரோக்கரும் மாறும். அதை வைத்து இரண்டு ஊரை ஒப்பிடுவது வீண் வேலை. இரு பக்கமும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டு, எல்லைக்கோடு மட்டும் எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்தால் விஷயம் துலங்கும்.

ஒருவர் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்திப்பள்ளியில் முத்திரைக் கட்டணம் 5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் செஸ் 10 சதவீதம், நகரப் பகுதியானால் சர்சார்ஜ் 2 சதவீதம். எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 80 ஆயிரம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதாவது ஒரு லட்சம். மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஓசூரில் முத்திரைக் கட்டணம் 5 சதவீதம், சொத்து மாற்று வரி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். மொத்தம் 4 லட்சத்து 50 ஆயிரம். தனி வீட்டுக்கும் மனைக்கும் கர்நாடகப் பக்கம் 70 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இந்த மிச்சம் முன்பு இன்னும் அதிகமாக இருந்தது. கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதமாகவே இருந்து வந்தது. 2025 ஆகஸ்டு 31-ந் தேதி முதல் அது இரண்டு சதவீதமாயிற்று. அதற்கு முதல் நாள் பத்திரம் முடித்தவருக்கு இதே வீட்டில் 50 ஆயிரம் ரூபாய் குறைவு. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணத்தை 2023-ல் 2 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அதே கையோடு, 2017-ல் 33 சதவீதம் குறைத்து வைத்திருந்த வழிகாட்டி மதிப்பை மேலே தூக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தினார்கள். கர்நாடகத்திலும் 2023 அக்டோபரில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. கட்டணத்தின் சதவீதம் குறைந்தாலும், எந்தத் தொகைக்குக் கட்ட வேண்டும் என்பதை இந்த மதிப்புதானே முடிவு செய்கிறது?

இனி அடுக்குமாடி வீட்டைப் பார்ப்போம். இங்கே கணக்கு தலைகீழாகும். புதிதாகக் கட்டி முதல் முறையாக விற்கப்படும் பிளாட்டுக்கு, 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் 50 லட்சம் வரை முத்திரைக் கட்டணம் 4 சதவீதம்தான். பதிவுக் கட்டணத்தோடு 6 சதவீதம். ஆகவே ஓசூரில் 50 லட்சத்து பிளாட்டுக்கு 3 லட்சம். அத்திப்பள்ளியில் அதே விலைக்கு அதே 3 லட்சத்து 80 ஆயிரம். தனி வீட்டில் கர்நாடகம் மலிவு என்றால், 50 லட்சத்து பிளாட்டில் தமிழ்நாடு மலிவு.

அதற்குள் ஓசூருக்கு ஓடிவிடக் கூடாது. கர்நாடகத்தில் புது பிளாட் 45 லட்சத்துக்குள் இருந்தால் முத்திரைக் கட்டணம் 3 சதவீதமே. 40 லட்சத்து பிளாட்டுக்கு அத்திப்பள்ளியில் 2 லட்சத்து 14 ஆயிரத்து 400 ரூபாய், ஓசூரில் 2 லட்சத்து 40 ஆயிரம். மறுபடியும் கர்நாடகம் முன்னே வருகிறது. இந்த 45 லட்சக் கோடு பொல்லாத கோடு. 45 லட்சத்துக்குப் பதிவு செய்தால் மொத்தச் செலவு 2 லட்சத்து 41 ஆயிரத்து 200. கார் நிறுத்தும் இடம், அலமாரி என்று ஏதோ ஒன்றைச் சேர்த்து விலை 46 லட்சமானால் செலவு 3 லட்சத்து 49 ஆயிரத்து 600. ஒரு லட்ச ரூபாய் அலமாரிக்கு சர்க்காருக்குப் போவது ஒரு லட்சத்து எட்டாயிரத்து 400. பில்டரிடம் விலை பேசும்போது இதைப் பேச வேண்டும். பத்திரம் எழுதும் நாளில் பேசிப் பயனில்லை.

காகிதமும் தண்ணீரும்

விலை மலிவு என்று சொல்லப்படும் மனைகளில் பாதி மலிவு காகிதத்தில் இருக்கும் குறைதான். ஆனேக்கல் தாலுகாவில் விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்ற முறைப்படி உத்தரவு வாங்காமல், கல் நட்டு விற்ற 'ரெவின்யூ' மனைகள் நிறைய உண்டு. ஊராட்சி தரும் படிவம் 9-ம் 11-ஏ-யும் இருந்தால் ஒரு மதிப்பு. 11-பி மட்டும் இருந்தால் வேறு மதிப்பு, பாங்கியும் தயங்கும். இப்படிப்பட்ட மீறல்களை அபராதம் வாங்கி ஒழுங்குபடுத்த கர்நாடக அரசு கொண்டு வந்த 'அக்ரம சக்ரம' திட்டத்தை 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. 2024 அக்டோபர் முதல் பத்திரப்பதிவுக்கு இ-கத்தா கட்டாயமாக்கப்பட்டதும், அதுவரை கைமாறிக்கொண்டிருந்த பல மனைகள் விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் மனம் இல்லாமல் உரிமையாளர் கையில் நின்றன.

ஓசூர்ப் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை என்று எண்ணுவது தவறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் கதவு மூடியது. பிறகு 2017-ல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் உருவான மனைகளுக்கு மட்டும் பணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி செய்தன. ஆகவே ஓசூரில் பழைய மனை வாங்குகிறவர் கேட்க வேண்டியது பட்டா, வில்லங்கம் மட்டும் அல்ல. நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரமா, ஒழுங்குபடுத்திய உத்தரவா என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஓசூர்ப் பத்திரம் தமிழில் இருக்கும். கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம்மவர்கள் அநேகர். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய கிரயப் பத்திரத்தை மற்றொருவர் படித்துச் சொல்லக் கேட்டுக் கையெழுத்துப் போடும் நிலை அத்திப்பள்ளியில் உண்டு. அங்கே வக்கீல் பீஸ் கொடுப்பதில் சிக்கனம் பார்ப்பது கெடுதல். விளம்பரத்தில் 'ஓசூர் ரோடு அருகில்' என்று இருந்தால் எந்த மாநிலம் என்று முதலில் கேட்க வேண்டும். பெங்களூர் நடுவில் தொடங்கும் அந்த ரோட்டின் பெயர் எல்லை வரை அதேதான்.

தண்ணீர் விஷயம் சற்று வினோதமானது. காவிரித் தண்ணீர் பெங்களூருக்குத்தானே வருகிறது, பெங்களூருக்கு அருகில் இருந்தால் கிடைக்கும் என்று நினைப்போம். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் பெங்களூர் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகப் போடப்பட்டது. அத்திப்பள்ளி அந்தக் கணக்கில் இல்லை. எல்லை தாண்டிய ஓசூருக்கோ, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் போடப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனால் தென்பெண்ணை ஆற்றுக்கு அருகே மனை பார்க்கிறவர்கள் கெலவரப்பள்ளி அணையை ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. பெங்களூரின் கழிவு அந்த ஆற்றில்தான் இறங்குகிறது. மழை நாளில் நுரை மலைபோல் எழும்புவதைப் பத்திரிகைகளில் படம் போட்டிருக்கிறார்கள்.

வீடு எல்லைக்கு அப்பால், வேலை இப்பால்

வீட்டு விலையில் சேராத விலை ஒன்று மாதம் தவறாமல் வரும். அது போக்குவரத்து. அத்திப்பள்ளி வரை மாநகர பஸ் உண்டு. 2025 ஆகஸ்டு 10-ந் தேதி திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் பாதை ஆர்.வி.ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் வந்துவிட்டது. அத்திப்பள்ளிக்காரர் பஸ்சில் பொம்மசந்திரா வந்து மெட்ரோ ஏறலாம். ஓசூர்க்காரருக்கு அதோடு எல்லை தாண்டும் தூரமும் சேரும். கூடுதல் கட்டணம் நாளைக்கு 40 ரூபாய் என்று வைத்தால்கூட, 25 நாள் வேலைக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இருபது வருட சர்வீசுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். போகவர அரைமணி அரைமணியாகக் கூடினால் வருடத்துக்கு 300 மணி நேரம்.

ரெயிலுக்கு மட்டும் மாநில எல்லை தெரியாது. ஓசூர் ஸ்டேஷன் தென்மேற்கு ரெயில்வேயின் பெங்களூர் கோட்டத்தைச் சேர்ந்தது. சீசன் டிக்கெட்டுக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு. ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று கவுண்டரில் யாரும் கேட்பதில்லை. ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை பஸ்சோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஷிப்டு நேரத்துக்கு ஒத்து வந்தால்தான் இந்த வசதி. ஹீலலிகே ஸ்டேஷனில் தொடங்கும் புறநகர் ரெயில் பாதையும் திட்டப்படி கர்நாடகத்துக்குள்ளேயே முடிகிறது. அதன் பலன் கிடைத்தால் சந்தாபுரத்துக்கு முதலில் கிடைக்கும்.

ஆடவர் சம்பாதிப்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ஓசூர் ரோட்டு ஓரத்து கார்மெண்ட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். 2023 ஜூன் 11-ந் தேதி கர்நாடகம் தொடங்கிய 'சக்தி' இலவச பஸ் பயணம், கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கே உரியது. ஓசூருக்கு ஆதாரை மாற்றிய பெண், அதே பஸ்சில் அதே தொழிற்சாலைக்குப் போகும்போது டிக்கெட் வாங்க வேண்டும். அதே ஆண்டு தொடங்கிய குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'கிருக லட்சுமி'யும், 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லாத 'கிருக ஜோதி'யும் கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். தமிழ்நாட்டுத் திட்டங்கள் வேறு. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது அங்கே மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். இந்தத் திட்டங்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை. இவற்றை நம்பி யாரும் வீடு வாங்கக்கூடாது. ஆனால் இருபதாயிரம் ரூபாய் சம்பளக் குடும்பத்தில் மாதம் இரண்டாயிரம் போவதும் வருவதும் சின்ன விஷயம் அல்ல.

பிள்ளைகளின் படிப்பு இதைவிடக் கூர்மையான பிரச்சினை. கர்நாடகத்தின் சி.இ.டி. சேர்க்கையில் அரசு இடம் கேட்க, பொதுவாக ஏழு ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் தரப்பட்ட மருத்துவப் படிப்பு 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் மகனை ஓசூருக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு போயிற்று. முன்பு கர்நாடகத்தில் படித்த ஆண்டுகளும் ஏழுக்குக் குறைவாக இருந்தால் இங்கேயும் கதவு அடைபடும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சலுகை, குடிபெயர்ந்தவருடன் அடுத்த மாநிலத்துக்கு வராது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-லும் 2018-லும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஓசூர் முகவரியின் மதிப்பு சதுர அடியில் அளக்க முடியாதது.

அச்சத்துக்கும் ஒரு விலை

ஓசூரில் வீடு தேடும் தமிழர் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் 1991. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அந்த டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டு, தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டினார்கள். 2016 செப்டம்பர் 12-ந் தேதி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டபோது பழைய புண் மறுபடி திறந்தது. பஸ்கள் நின்றுபோக, மூட்டை முடிச்சுகளுடன் பயணிகள் அத்திப்பள்ளிக்கும் ஜுஜுவாடிக்கும் இடையே நடந்தே போனார்கள்.

'அந்தப் பக்கம் ஒரு கூரை இருந்தால் போதும்' என்ற எண்ணத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆயினும் அதே நாட்களில் ஓசூரில் வீடும் பெங்களூரில் வேலையும் வைத்திருந்தவர் என்ன ஆனார்? குடும்பம் பத்திரமாக இருந்தது. அவர் சம்பளம் நின்றது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டபோதும் இதே கதை. அத்திப்பள்ளிவாசி அடைப்பு தளர்ந்ததும் வேலைக்குப் போனார். ஓசூர்வாசி பாஸ் கிடைக்குமா என்று செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லைக்கு அப்பால் உள்ள வீடு குடும்பத்தைக் காக்கும், வருமானத்தை வெட்டும். வேலை முடிந்து ஓய்வு பெற்றவருக்கு இரண்டாவது பாதி இல்லை. அவர் தனி வீட்டுக்கு 70 ஆயிரம் கூடக் கொடுத்தாலும் ஓசூர் அவருக்குக் கட்டுப்படியாகும். இன்னும் பதினைந்து வருடம் பீன்யாவுக்கோ சிவாஜி நகருக்கோ போக வேண்டியவருக்கு, ஓசூரில் விலை கணிசமாகக் குறைந்தால் ஒழியக் கட்டுப்படியாகாது. ஓசூர் சிப்காட்டிலேயே வேலை என்றால் கேள்வியே எழவில்லை.

வராத ரெயிலுக்குக் கொடுக்கும் காசு

கணிசமாகக் குறையுமா என்றால், அதற்கு இடம் கொடாமல் இரண்டு அறிவிப்புகள் விலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஒன்று விமான நிலையம். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். மறுநாளே மனை விளம்பரங்களில் விமானப் படம் ஏறியது. ஆனால் பெங்களூர் விமான நிலையத்தோடு மத்திய அரசு செய்துகொண்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையம் வர 2033 வரை தடை இருக்கிறது. விளம்பரத்தில் அந்த வருடத்தைப் போடுவதில்லை.

மற்றொன்று மெட்ரோ. பொம்மசந்திராவில் இருந்து ஓசூர் வரை சுமார் 23 கிலோமீட்டர் பாதைக்குச் சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வு நடத்தியது. பாதையில் ஏறக்குறைய பாதி கர்நாடகத்தில், மீதி தமிழ்நாட்டில். பெங்களூர் மெட்ரோ மூன்றாவது தண்டவாளம் வழியே 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவோ மேல்கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மாறுமின்சாரம். இரண்டையும் ஒரே பாதையில் இணைப்பது எப்படி என்ற இடத்திலேயே பேச்சு சிக்கிக்கொண்டது. ஓசூரில் மனை விற்கிறவர் இந்த 23 கிலோமீட்டரையும் விலையில் சேர்த்துத்தான் சொல்கிறார். பொம்மசந்திராவில் மஞ்சள் பாதையின் கடைசி ஸ்டேஷனில் இறங்கும் ஓசூர்ப் பயணி, படியிறங்கி ரோட்டைக் கடந்து பஸ்சுக்குத்தான் நிற்கிறார்.